பவளத் தொட்டியும் வெப்பக் கணக்கும்

நம் நாடு வெப்பநாடு. பவளமும் வெப்பக் கடலில் வாழும் உயிர். ஆகவே, வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளம் வளர்ப்போருக்கு வெப்பத்தினால் இடர் ஏதும் நேராது என்று பலரும் எண்ணுகின்றனர். குளிர்நாட்டு மக்கள் தங்கள் தொட்டியில் சூடேற்றும் கருவியைப் பொருத்த வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தச் செலவுகூட இல்லை என்று மகிழ்வோரும் உளர். உண்மையோ இதற்கு மாறானது. மலேசியாவில் பவளத் தொட்டி வைத்திருப்போர் ஆண்டு முழுவதும் விழிப்புடன் காக்க வேண்டியது நீரின் வெப்பநிலையே ஆகும். கவனியாது விட்ட ஒரு பிற்பகல், ஓராண்டு உழைப்பை வீணாக்கிவிடக்கூடும்.

இக்கலை நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள கடற்கற்கள், பவளங்கள், இயற்கைக் கடல்நீர், காற்றுக் குமிழிகள் ஆகியவற்றைக் கொண்டே தொட்டி அமைத்த முறையை 1961ஆம் ஆண்டில் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் எழுதினார். இன்று பல நாடுகளில் கைக்கொள்ளப்படும் முறைகளுக்கு அவருடைய முறை ஒரு முன்னோடியாகும். நம் நகரங்களிலும், தோட்டங்களை விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிகளிலும், தோட்டத்து வீடுகளிலும்கூட இளைஞர் சிலர் இத்தகைய தொட்டிகளை வைத்திருக்கின்றனர். புதிதாகத் தொடங்க விரும்புவோரும் உளர். அவர்கள் அனைவருக்கும் பயன்படும் வண்ணம், தொட்டி நீர் ஏன் சூடேறுகிறது, அதனை எவ்வாறு தடுப்பது என்பதை இங்கு ஆராய்வோம்.

ஒரு பாகையின் வேறுபாடு

பவளம் கல்லும் அன்று, செடியும் அன்று; அது விலங்கினத்தைச் சேர்ந்தது. கடற்சாமந்தியின் நெருங்கிய உறவினம் எனலாம். சிறு வாயும் அதனைச் சுற்றி உணர்கைகளும் கொண்ட எண்ணற்ற நுண்ணுயிர்கள் ஒன்றுகூடி வாழும் குடியிருப்பே நாம் காணும் பவளம். கல் போன்ற பகுதி, அவ்வுயிர்கள் தமக்கெனக் கட்டிக்கொண்ட சுண்ணாம்பு வீடாகும்.

பவளத்தின் தசைக்குள்ளே மிக நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதில் பெரும்பங்கைப் பவளத்திற்கு அளிக்கின்றன. பவளமோ பாசிக்கு இருப்பிடமும் சத்தும் தருகிறது. பவளத்திற்கு நாம் காணும் வண்ணத்தில் பெரும்பகுதி இப்பாசியினால் வருவதே. இந்தக் கூட்டுவாழ்க்கை நன்கு நடைபெறும் வரையில் பவளம் வளரும், குலைந்தால் நலியும்.

வெப்பம் இக்கூட்டுவாழ்க்கையைத்தான் முதலில் தாக்குகிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது, பாசியின் உணவு சமைக்கும் அமைப்புச் சீர்கெட்டு, நச்சுத்தன்மை கொண்ட பொருள்களை உண்டாக்குகிறது. ஒளி மிகுந்திருந்தால் இக்கேடு மேலும் விரைவாகும். தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுப் பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. வண்ணம் போய், வெண்மையான சுண்ணாம்பு எலும்பு தசையினூடே தெரிகிறது. இதனையே பவளம் வெளிறுதல் என்கிறோம். வெளிறிய பவளம் உடனே இறந்துவிடுவதில்லை. ஆனால் பட்டினி கிடக்கத் தொடங்கிவிடுகிறது.

இதற்கு எவ்வளவு வெப்பம் தேவை? கடலில் ஓரிடத்தில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்தில் வழக்கமாக உள்ள நிலையைவிட ஒரே ஒரு பாகை செல்சியஸ் கூடி, அது நான்கு வாரங்கள் நீடித்தாலே பவளம் வெளிறத் தொடங்கும் என்று கடல் ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். நம் உடம்பு உணராத ஒரு பாகை, பவளத்திற்கு வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட எல்லையாக அமைந்துவிடுகிறது.

மீன்களுக்கும் வெப்பத்தால் தொல்லை உண்டு. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைகிறது. 25 பாகையில் ஒரு லிட்டர் கடல்நீர் ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் ஏறக்குறைய 6.2 மில்லிகிராமையே தாங்கும். வரவு இவ்வாறு குறையும் வேளையில் தேவையோ கூடுகிறது. வெப்பம் 10 பாகை உயர்ந்தால் குளிர்குருதி உயிர்களின் உடல் இயக்கம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொது விதி. சூடான தொட்டியில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளந்து திணறுவதற்கு இதுவே காரணம். இரவில் பாசிகள் பிராணவாயுவை வெளியிடுவதில்லை. ஆதலால் விடியற்காலையே தொட்டிக்கு மிகுந்த இடர் தரும் நேரம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கடலும் தொட்டியும்

இங்கு ஓர் ஐயம் எழலாம். நம் கடல்நீர் பெரும்பாலும் 27 முதல் 30 பாகை வரை இருக்கிறதே, அங்குப் பவளம் செழித்து வாழவில்லையா என்று கேட்கலாம்.

வாழ்கிறது; ஆயினும் எல்லையின் ஓரத்திலே நின்று வாழ்கிறது. 1998ஆம் ஆண்டில் உலகக் கடல்களில் பவளங்கள் பேரளவில் வெளிறின. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை வெப்பம் பதிவாயிற்று. நம் நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை அது. மீண்டும் 2010ஆம் ஆண்டில் நம் கடல்களில் பவளங்கள் வெளிறியபோது, அவை மீண்டெழ ஓய்வு தரும் பொருட்டுத் தியோமான், ரெடாங் முதலிய தீவுகளில் முக்குளிப்பு இடங்கள் சில தற்காலிகமாக மூடப்பட்டன. 2014 முதல் 2017 வரை மூன்றாம் முறையும், 2023ஆம் ஆண்டில் தொடங்கி நான்காம் முறையும் உலகப் பவளங்கள் பரவலாக வெளிறின. பெருங்கடலே தாங்க மாட்டாத வெப்பத்தைச் சிறு தொட்டி எவ்வாறு தாங்கும்?

கடலுக்கு உள்ள காப்புகள் தொட்டிக்கு இல்லை. கடலில் நீரோட்டம் உண்டு, ஆழம் உண்டு, நீரின் அளவோ எல்லையற்றது. அதன் வெப்பநிலை ஒரு நாளில் சிறிதளவே மாறும். 200 லிட்டர் கொண்ட தொட்டியின் வெப்பநிலையோ காலைக்கும் மாலைக்கும் இடையே மூன்று நான்கு பாகை மாறக்கூடும். ஆகவே கடலின் மேல் எல்லையில் தொட்டியை வைத்திருப்பது அறிவுடைமையாகாது. 25 முதல் 27 பாகைக்குள் வைத்திருந்தால் எதிர்பாராத இடர் வரும்போது சற்றே இடைவெளி இருக்கும். 28 பாகையை எச்சரிக்கைக் கோடாகவும், 29 பாகையை உடனே செயலில் இறங்க வேண்டிய கோடாகவும் கொள்ளலாம்.

வெப்பத்தின் வரவு

குடும்பத்தை நடத்துவோர் வரவு செலவுக் கணக்கு வைப்பதுபோல், தொட்டியை நடத்துவோர் வெப்பத்திற்குக் கணக்கு வைக்க வேண்டும். உள்ளே வரும் வெப்பம் மிகுந்து, வெளியேறும் வெப்பம் குறைந்தால் நீர் சூடேறும். இரண்டும் சமமானால் வெப்பநிலை ஓரிடத்தில் நிற்கும். குளிரூட்டும் வழிகளைத் தேடுமுன், வரவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே முறை. நுழையாத வெப்பத்தை வெளியேற்ற வேண்டியதில்லை அன்றோ?

முதல் வரவு, அறையின் காற்று. தகரக் கூரை வேய்ந்து, கூரையின் கீழ் மறைப்பு இல்லாத வீடுகளில் பிற்பகலில் அறை பெரிதும் சூடேறுகிறது. மேற்குப் பார்த்த சுவர் மாலை வெயிலை வாங்கி, இரவிலும் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும். ஆகையால் தொட்டியை மேற்குச் சுவரை ஒட்டியும், வெயில் நேரே விழும் சாளரத்தின் அருகிலும், சமையலறையை அடுத்தும் வைத்தல் ஆகாது. வீட்டின் நடுப்பகுதியில், தரைத்தளத்தில், காற்றோட்டமுள்ள இடமே நல்லது. நீர் நிரப்பிய தொட்டியை நகர்த்துவது எளிதன்று. இடத்தை முன்னரே ஆராய்ந்து தேர்ந்துகொள்ளுதல் வேண்டும்.

இரண்டாம் வரவு, நீருக்குள் மூழ்கியிருக்கும் பம்புகள். இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மூழ்கிய பம்பு உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகி நீரிலேயே சேர்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 200 லிட்டர் தொட்டி ஒன்றில் 25 வாட் பம்பு ஒன்றும், 15 வாட் கொண்ட அலை எழுப்பும் பம்பு ஒன்றும் இரவும் பகலும் ஓடுகின்றன என்று கொள்வோம். இரண்டும் சேர்ந்து 40 வாட். ஒரு நாளில் 960 வாட் மணி. இவ்வெப்பம் வெளியேற வழியே இல்லாதிருந்தால், ஒரே நாளில் நீரின் வெப்பம் ஏறக்குறைய 4.2 பாகை உயர்ந்துவிடும். ஆகவே பம்பு வாங்கும்போது அதன் விலையை மட்டும் பாராமல் அதன் வாட் அளவையும் பார்க்க வேண்டும். அதே அளவு நீரை இறைக்கும் இரு பம்புகளுள் குறைந்த மின்சாரம் உண்பதே நமக்கு ஏற்றது, மின்கட்டணமும் குறையும். பம்பினுள் சுண்ணாம்பும் அழுக்கும் படிந்தால் அது மேலும் சூடேறும். ஆதலால் அதனைக் காலந்தோறும் கழற்றித் தூய்மை செய்தல் வேண்டும்.

மூன்றாம் வரவு, விளக்கு. முன்னாளில் பவளத் தொட்டிகளுக்குப் பயன்பட்ட மெட்டல் ஹாலைடு விளக்குகள் ஒளியோடு பெரும் வெப்பத்தையும் நீர்மீது வீசின. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் தமது வெப்பத்தில் பெரும்பகுதியை மேற்புறமுள்ள உலோகத் தகடுகள் வழியே காற்றில் விடுகின்றன. ஆயினும் விளக்கை மூடிய பெட்டிக்குள் பொருத்தினால் அவ்வெப்பமும் நீரையே சேரும். விளக்கிற்கும் நீருக்கும் இடையே காற்றுப் போக இடைவெளி இருத்தல் நலம்.

விளக்கைப் பொறுத்தவரையில் செலவின்றிச் செய்யக்கூடிய மாற்றம் ஒன்று உண்டு. வெளியே வெயில் உச்சத்தில் இருக்கும் பிற்பகலில் விளக்கை எரிய விடாமல், மாலை 5 மணிக்கு ஏற்றி இரவு பின்னேரத்தில் அணைக்கலாம். பவளத்திற்குத் தேவை நாள்தோறும் தவறாத ஒளியும் இருளுமே. அந்த ஒளி நம் பகலோடு ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. இவ்வாறு செய்தால் அறையின் வெப்பமும் விளக்கின் வெப்பமும் ஒரே வேளையில் நீரைத் தாக்கா. வேலை முடிந்து வீடு திரும்புவோர் தொட்டியின் அழகைக் கண்டு களிக்கவும் இதுவே ஏற்ற நேரம். பழைய நேரத்திலிருந்து புதிய நேரத்திற்கு நாளுக்குச் சிறிது சிறிதாக மாற்றுவது நன்று.

வெப்பத்தின் செலவு

வரவைக் குறைத்த பின்னர்ச் செலவைக் கூட்டும் வழியைக் காண்போம். நம் முன்னோர் மண்பானையில் நீரைக் குளிர வைத்த முறை நாம் அறிந்ததே. பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு செல்கிறது. பவளத் தொட்டிக்கும் இதுவே முதல் மருந்து.

நீர்மட்டத்தின் மீது காற்று வீசுமாறு சிறு காற்றாடி ஒன்றைச் சாய்வாகப் பொருத்தினால் நீர் விரைவாக ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 670 வாட் மணி வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. மேற்கண்ட 200 லிட்டர் தொட்டியில் காற்றாடியின் துணையால் நாளொன்றுக்கு 2 லிட்டர் ஆவியானால், 1,340 வாட் மணி வெப்பம் வெளியேறும். பம்புகள் இரண்டும் தந்த 960 வாட் மணியை ஈடுசெய்து, அறையிலிருந்தும் விளக்கிலிருந்தும் வரும் வெப்பத்திலும் ஒரு பங்கை அது நீக்கிவிடுகிறது. சில வாட் மின்சாரமே உண்ணும் சிறு காற்றாடி, நீரை இரண்டு மூன்று பாகை வரை தாழ்த்தி வைக்க வல்லது.

இம்முறை பயன் தர வேண்டுமானால் தொட்டியின் மேற்புறம் திறந்திருத்தல் வேண்டும். கண்ணாடி மூடி ஆவியை அடைத்து, வெப்பத்தையும் அடைத்துவிடும். மூடியை எடுத்துவிட்டால் மீன்கள் துள்ளி வெளியே விழக்கூடும். ஆகவே நுண்ணிய வலையைச் சட்டத்தில் கட்டி மேலே வைக்க வேண்டும். அறையின் காற்றும் வெளியே செல்ல வழி இருத்தல் வேண்டும். கதவும் சாளரமும் மூடிய அறையில் ஈரம் நிறைந்துவிட்டால் நீர் ஆவியாவது தளர்ந்துவிடும்.

காற்றின் ஈரம் காற்றாடியின் ஆற்றலுக்கு எல்லை வகுக்கிறது. நம் நாட்டில் ஈரம் மிகுதி என்பது உண்மையே. எனினும் வெயில் மிகுந்த பிற்பகலில் ஈரம் குறைவதால், குளிர்ச்சி மிகவும் தேவைப்படும் வேளையில் காற்றாடி நன்கு உதவும். மழை பெய்து ஓய்ந்த புழுக்கமான மாலையில் அதன் பயன் குறைந்திருக்கும். அப்பொழுது வெப்பமானியைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

காற்றாடியைப் பொருத்துவதில் பாதுகாப்பு முதன்மையானது. அது நீரில் விழாதவாறு உறுதியாகக் கட்டப்பட வேண்டும். மின்கம்பி, சுவரிலுள்ள இணைப்பைவிடத் தாழ்வாகத் தொங்கி வளைந்து மேலேறுமாறு அமைத்தால், கம்பி வழியே வழியும் நீர் இணைப்பினுள் புகாது கீழே சொட்டிவிடும். மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வீட்டில் செம்மையாக இயங்குகிறதா என்பதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். உப்பு நீரும் மின்சாரமும் சேருமிடத்தில் சிறு கவனக்குறைவும் உயிருக்கு உலை வைக்கும்.

உப்பின் கணக்கு

நீர் ஆவியாகிறது, உப்பு ஆவியாவதில்லை. இந்த எளிய உண்மையை மறப்போர் வெப்பத்திலிருந்து காத்த பவளத்தை உப்பினால் இழப்பர். கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறக்குறைய 35 பங்கு உப்பு உள்ளது. 200 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 2 லிட்டர் வீதம் ஆவியாகி, ஒரு வாரம் நீர் சேர்க்காதிருந்தால் 186 லிட்டரே எஞ்சும். உப்பின் அளவோ 35 பங்கிலிருந்து 37.6 பங்காக உயர்ந்துவிடும்.

ஆகவே ஆவியான அளவுக்கு நன்னீரை நாள்தோறும் சேர்த்துவர வேண்டும். உப்பு நீரைச் சேர்த்தால் உவர்ப்பு மேலும் ஏறும். குழாய் நீரிலுள்ள குளோரின் உயிரினங்களுக்கு ஆகாது, ஆர்.ஓ. முறையில் வடித்த தூய நீரே ஏற்றது. தொட்டியின் கண்ணாடியில் நீர்மட்டத்திற்கு ஒரு கோடு வரைந்து வைத்து, காலையும் மாலையும் அக்கோடு வரை சிறிது சிறிதாக நிரப்பினால் போதும். மிதவையின் துணைகொண்டு தானே நீர் நிரப்பும் கருவியும் கடைகளில் உண்டு. வாரம் ஒருமுறை உவர்ப்புமானியால் அளந்து பார்ப்பது இன்றியமையாதது.

குளிரூட்டும் இயந்திரம்

வரவைக் குறைத்து, காற்றாடியும் பொருத்திய பின்னும் வெப்பநிலை 28 பாகைக்குக் கீழே வரவில்லையானால், கடல்நீர்த் தொட்டிக்கென்று செய்யப்பட்ட குளிரூட்டும் இயந்திரத்தை நாட வேண்டியிருக்கும். இதன் விலையும் மின்செலவும் மிகுதி. எனவே வாங்குமுன் சிலவற்றை அறிந்துகொள்ள வேண்டும்.

குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை. நீரிலிருந்து எடுத்து அறையின் காற்றில் கொட்டுகிறது. தொட்டியின் கீழுள்ள மூடிய பெட்டிக்குள் அதனை வைத்தால், வெளியேற்றிய வெப்பம் அங்கேயே தேங்கி மீண்டும் நீரைச் சூடேற்றும்; இயந்திரமும் ஓயாமல் ஓடிப் பழுதடையும். காற்று நன்கு வந்து போகும் இடத்தில், முடிந்தால் சுவருக்கு அப்பால் வைப்பதே சரி. தூசி படியும் வலையைக் காலந்தோறும் தூய்மை செய்ய வேண்டும். தொட்டியின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் இயந்திரத்தைவிடச் சற்றுப் பெரியதை வாங்கினால், அது குறைந்த நேரமே ஓடி நெடுநாள் உழைக்கும்.

கடல்நீர் செல்லும் சுருள் டைட்டேனியத்தினால் ஆனதா என்று கேட்டறிதல் வேண்டும். செம்புச் சுருளை உப்பு நீர் அரித்துவிடும். கரையும் செம்பு பவளத்திற்கும் நத்தைக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. பழைய குளிர்ப்பெட்டியினுள் நெகிழிக் குழாயைச் சுருட்டி வைத்து நீரைச் செலுத்தும் முறையைச் சிலர் கைக்கொள்கின்றனர். நெகிழி வெப்பத்தை எளிதில் கடத்தாது. குளிர்ப்பெட்டியும் தொடர்ந்து வரும் வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றலுடன் செய்யப்பட்டதன்று. ஆகவே அது பயனற்ற முயற்சியாகவே முடியும்.

அறையில் குளிர்சாதனம் உள்ளோர், அதனை இரவில் மட்டும் இயக்கிப் பகலில் நிறுத்திவிடுவதுண்டு. அதனால் நீர் இரவில் குளிர்ந்தும் பகலில் சூடேறியும் ஊசலாடும். நாள்தோறும் நிகழும் அந்த ஊசலாட்டம் பவளத்தைத் தளரச் செய்யும். வெப்பநிலை ஒரு நாளில் ஒரு பாகைக்கு மேல் மாறாதிருப்பதே நாம் நாட வேண்டிய நிலை.

நெருக்கடி நேர்ந்தால்

எவ்வளவு முன்னெச்சரிக்கையுடன் இருந்தாலும், மின்தடையினாலோ கருவி பழுதடைவதாலோ நீர் திடீரெனச் சூடேறக்கூடும். பவளம் விரியாமல் சுருங்கியிருத்தல், வண்ணம் மங்குதல், தசை உரிதல், மீன்கள் மேலே வந்து திணறுதல், நத்தைகள் நீர்மட்டத்திற்கு ஏறுதல் ஆகியவை அதற்கு அடையாளங்கள். அப்பொழுது பதற்றமின்றிப் பின்வரும் முறையில் செயல்பட வேண்டும்.

முதலாவதாக, வேறொரு வெப்பமானியால் அளந்து, செய்தி உண்மைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டாவதாக, விளக்கை அணைத்துவிட வேண்டும். வெப்பமும் ஒளியும் சேர்ந்தே பாசியைக் கெடுக்கின்றன என்று மேலே கண்டோம். ஓரிரு நாள் ஒளி குறைவதால் பவளம் இறந்துவிடாது. மூன்றாவதாக, மூடியைத் திறந்து, காற்றாடியை இயக்கி, காற்றுக் குமிழிகளை மிகுதியாக விட வேண்டும். மின்சாரம் இல்லாதபோது பேட்டரியால் இயங்கும் சிறு காற்றுப் பம்பு பேருதவி புரியும். சில வெள்ளியில் கிடைக்கும் அக்கருவியை ஒவ்வொருவரும் முன்னரே வாங்கி வைத்திருத்தல் நலம். நான்காவதாக, உணவிடுவதை நிறுத்த வேண்டும். எஞ்சிய உணவு அழுகும்போது பிராணவாயுவை உண்டுவிடும்.

ஐந்தாவதாக, பனிக்கட்டியைப் பயன்படுத்தலாம். ஆனால் பனிக்கட்டியை நேரே நீரில் இடுதல் கூடாது. தூய்மையான நெகிழிப் புட்டியில் நீரூற்றி, உறையும்போது நீர் விரிவடைவதற்குச் சிறிது இடம் விட்டு, மூடி உறைய வைக்க வேண்டும். அதனை அப்படியே தொட்டியில் மிதக்க விடலாம். ஒரு லிட்டர் உறைந்த புட்டி முற்றும் உருகினால், 200 லிட்டர் நீரின் வெப்பம் ஏறக்குறைய அரைப் பாகையே குறையும். ஆகவே ஒரு புட்டியால் விரைவில் பயன் தெரியாது. மூன்று நான்கு புட்டிகளைச் சுழற்சி முறையில் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். வெப்பத்தை அவசரப்பட்டு இறக்குவதும் தீங்கே. மணிக்கு அரைப் பாகை அளவில் மெல்ல இறக்கினால் உயிரினங்கள் தாங்கும்.

பவளம் வெளிறிவிட்டாலும் நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. தசை உரியாதிருந்தால் அது இன்னும் உயிருடன் இருக்கிறது. வெப்பநிலையைச் சீராக்கி, ஒளியைக் குறைத்து, நுண்ணிய உணவைச் சிறிதளவு அளித்து வந்தால், சில வாரங்களிலோ மாதங்களிலோ பாசிகள் மீண்டும் குடியேறக்கூடும்.

ஏழு நாள் பயிற்சி

படித்ததைப் பழக்கத்திற்குக் கொண்டுவர எளிய பயிற்சி ஒன்றை இங்குத் தருகிறோம். ஒரு குறிப்பேட்டில் ஏழு நாள்களுக்கு, காலை 7 மணி, பிற்பகல் 3 மணி, இரவு 10 மணி ஆகிய மூன்று வேளைகளிலும் அறையின் வெப்பநிலையையும் நீரின் வெப்பநிலையையும் எழுதுங்கள். அன்று சேர்த்த நன்னீரின் அளவையும், வானிலையையும் அருகில் குறியுங்கள். கண்ணாடியில் ஒட்டும் தாள் வெப்பமானி துல்லியமானதன்று. நீரில் மூழ்கும் வெப்பமானியையே நம்ப வேண்டும். பாதரச வெப்பமானி உடைந்தால் நச்சு நீரில் கலக்கும் என்பதால் அதனைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏழாம் நாள் ஏட்டைப் புரட்டினால் தொட்டியின் இயல்பு புலப்படும். பிற்பகலில் மட்டும் ஏறினால் அறையே காரணம். விளக்கேற்றிய பின் ஏறினால் விளக்கே காரணம். குளிர்ந்த காலையிலும் நீர் அறையைவிடப் பெரிதும் சூடாக இருந்தால் பம்பின் வாட் அளவைப் பாருங்கள். நோயை அறிந்து மருந்து கொடுப்பது போன்றது இம்முறை.

பவளம் வாங்க எண்ணியிருப்போர், வெறும் உப்பு நீரும் கற்களும் இட்ட தொட்டியில் முதலில் இப்பயிற்சியைச் செய்து பார்க்கலாம். வெப்பநிலை 27 பாகைக்கு மேற்போகாமல் ஒரு மாதம் நின்றால் மட்டுமே பவளம் வாங்கத் துணிய வேண்டும். அப்பொழுதும் தாங்கும் ஆற்றல் மிகுந்த மென்பவளங்களில் தொடங்குவதே நன்று. மான்கொம்பு போன்று கிளைத்த பவளங்கள் வெப்பத்தைச் சற்றும் தாங்கா. வெப்பம் அடங்கவில்லையானால், நன்னீர் மீன்களோடு மனநிறைவு கொள்வதில் இழுக்கு ஏதும் இல்லை. இடத்தேர்வு, காற்றோட்டம், காற்றுக் குமிழி ஆகியவை பற்றி இங்குக் கூறியன கப்பி மீன் வளர்க்கும் சிறுவனுக்கும் பயன்படும்.

கடலுக்கு நாம் பட்ட கடன்

பவளம் மெல்ல வளரும் உயிர். பாறைபோல் திரளும் சில பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. நாம் ஒரு பிற்பகலில் இழப்பதை உருவாக்கக் கடலுக்குப் பல ஆண்டுகள் ஆகும். நம் நாட்டுக் கடல் பூங்காக்களில் பவளம் எடுப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. நாடு விட்டு நாடு செல்லும் கற்பவள வாணிகமும் அனைத்துலக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. ஆகவே தீவுகளுக்குச் சுற்றுலா செல்லும்போது பவளத்தையோ கடற்கல்லையோ எடுத்து வருதல் கூடாது. வளர்ப்புப் பண்ணைகளிலும் பிறர் தொட்டிகளிலும் சிறு துண்டாக வெட்டி வளர்த்த பவளங்கள் கிடைக்கின்றன, அவற்றையே வாங்குவோம்.

கடலின் வெப்பத்தைத் தனியொருவர் தணித்தல் இயலாது. நம் வீட்டுத் தொட்டியின் வெப்பமோ நம் கைக்குள் அடங்கியது. வரவைக் குறைத்து, செலவைச் சீராக்கி, நாள்தோறும் அளந்து எழுதிவரும் பழக்கம் உடையவருக்குப் பிற்பகல் வெயில் அச்சம் தருவதில்லை. கடலிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த உயிர் ஒன்றுக்கு நாம் பொறுப்பேற்றுள்ளோம். அப்பொறுப்பை, ஒரு வெப்பமானியும் ஒரு குறிப்பேடும் கொண்டு இன்றே தொடங்கி நிறைவேற்றுவோமாக.